ஞாயிற்றுக்கிழமை இரவில் முடிவு எடுக்காதே

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. ஈ.சி.ஈ. எடுத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார்.

ஹாஸ்டலுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்ததுமே நெஞ்சு படபடக்கிறது. என் நம்பர் வருவதற்குள் தொண்டை அடைத்துவிடுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் "தெரியாது மேம்" என்று சொல்லிவிடுகிறேன். மெஸ்ஸுக்குப் போகவும் பயம். தட்டை எடுத்துக்கொண்டு யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல், வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். ரூமில் பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன். பல திங்கட்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் வரும் 1000 ரூபாய் பஸ்ஸுக்கே போகிறது.

ஒரு நாள் லேபில் என் புரோகிராம் முதல் தடவையே ஓடியது. மேடம் என் பக்கம் வருவதற்குள் ஸ்கிரீனை அணைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சில ராத்திரி, விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு இதய நோயா, மன நோயா? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் பி.ஏ. தமிழ் சேர்ந்துவிடட்டுமா? அம்மா "அழாத, வந்துரு" என்கிறார். என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்பு மகளே,

விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று, நாலு விஷயத்துக்கு நடுவே ஐந்தாவதாக எழுதியிருக்கிறாய். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் எனக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான். நேராகவே கேட்கிறேன். செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? ஆமாம் என்றால் இதை மேலே படிக்க வேண்டாம். ரூம்மேட்டை எழுப்பு, வார்டனிடம் போ, தனியாக மட்டும் இருக்காதே. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாட்டின் 104 எண்ணும் இருக்கிறது. இப்படி வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். என் முப்பது வருட அனுபவத்தில், கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று அழுதவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த அளவுக்கு இல்லை, அலுப்பில் வந்துபோகிற நினைப்புதான் என்றாலும், ஒரே ஒரு ஆளிடமாவது இன்றைக்கே சொல்லிவை. "எனக்கு ராத்திரியில் இப்படித் தோணுது" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி நெஞ்சுக்கு வருகிறேன். நீ எழுதியிருக்கும் படபடப்பும் தொண்டை அடைப்பும் விரல் மரத்துப்போவதும் பயத்தின் வேலை. ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ஓடுவதற்குத் தயாராக மூச்சும் வேகமாகிறது. ஓடாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை லேசாகச் சுற்றுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் பயங்கரமாக இருக்கும், ஆனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், பிறகு தானாகவே இறங்கும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டுப் பார். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடு. மூன்று மாதமாக பிஸ்கட்டில் ஓடுகிற உடம்பு உன்னுடையது. ரத்தச்சோகை இருந்தாலும், தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தச்சோகை என்று கணக்கு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். மாடிப்படி ஏறும்போது மயக்கம் வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல், ஈ.சி.ஜி. எடுத்துவிடுவார்கள்.

நீ எழுதியதில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது லேபில் நீ அணைத்த அந்த ஸ்கிரீன்தான். புரோகிராமில் தப்பு இருந்து அணைத்திருந்தால் அது வெட்கம். நீ சரியாகச் செய்ததை அணைத்திருக்கிறாய். மேடம் பக்கத்தில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "குட்" என்று சொல்லியிருப்பார், அல்லது "இந்த லைன் எதுக்கு?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தாய். அணைத்ததும் நெஞ்சு லேசானது, இல்லையா? அந்த நிம்மதிதான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. மெஸ் வாசலில் திரும்பும்போது வருவதும், "தெரியாது மேம்" என்று சொல்லி உட்காரும்போது வருவதும், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட் பிடித்ததும் வருவதும் அதே நிம்மதிதான். ஒவ்வொரு தடவையும் உன் மூளை ஒரு கணக்கை எழுதிக்கொள்கிறது: "தப்பித்தோம், அதனால் பிழைத்தோம்." தப்பிக்காமல் இருந்தாலும் பிழைத்திருப்பாய் என்று அதற்குத் தெரிய வாய்ப்பே கொடுக்கவில்லை.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு முதல் வருட மாணவன் என்னிடம் வந்தான். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். மெஸ் மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் சாப்பிடப் போவான். குண்டானின் அடியில் கிடக்கும் சாம்பார், ஆறிப்போன சோறு. மேசை துடைக்கிற அண்ணன் அவன் தட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். மூன்று மாதம் இப்படியே போனது. "இந்த காலேஜில் என்னிடம் யாருமே பேசுவதில்லை மேடம், என்னை யாருக்கும் பிடிக்கவில்லை" என்றான். "நீ போகிற நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் துடைக்கிற அண்ணன்" என்றான். "அவர் பேசுவாரா?" "தினமும் பேசுவார். ஊர் எது, அம்மா எப்படி இருக்காங்க, எல்லாம் கேட்பார்." அப்போதுதான் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவனைப் பார்க்கக் கிடைத்த ஒரே ஆளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

உனக்கு முதல் வேலை மெஸ்தான். வகுப்பில் எழுந்து பேசுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாப்பாடு. காலை டிபனில் ஆரம்பி. எல்லோரும் அரைத் தூக்கத்தில், அவசரமாகச் சாப்பிடுகிற நேரம் அது. ரூம்மேட்டிடம் முந்தின ராத்திரியே, "நாளைக்கு டிபனுக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுறியா?" என்று கேட்டுவிடு. அவளும் மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தவள்தான். யாராவது தன்னை அப்படிக் கேட்கமாட்டார்களா என்று அவளும் காத்திருக்கலாம். தட்டை வாங்கியதும் இடம் தேடி நிற்காதே. எந்த மேசை என்று ரூமிலேயே முடிவு செய்துகொண்டு போ. தினமும் அதே மேசைக்குப் போ. ஒரே இடத்தில் நாலு நாள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவளுக்கு உன் முகம் பழகிவிடும், ஆறாவது நாள் "சட்னி இருக்கா?" என்று உன்னிடம் கேட்பாள். போனை மட்டும் ரூமிலேயே வைத்துவிட்டுப் போ. போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால், நீ மெஸ்ஸுக்குப் போகாத மாதிரிதான்.

போகும் முன் பயம் நூற்றுக்கு எத்தனை, சாப்பிட்டுத் திரும்பும்போது எத்தனை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவை. முதல் நாள் 90 என்று போட்டு, திரும்பும்போதும் 80 என்று போடுவாய். பரவாயில்லை. பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருந்தால் நாலு வருடமும் காத்திருக்க வேண்டியதுதான். பயத்தையும் கூட்டிக்கொண்டே போ. பாதியில் எழுந்து ஓடாமல், அது கொஞ்சமாவது இறங்கும் வரை உட்கார்ந்திரு. தினமும் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் அந்த நோட்டில் எண்கள் இறங்குவதை நீயே பார்ப்பாய். நடுவில் ஒரு நாள் திடீரென்று ஏறவும் செய்யும். அதைப் பார்த்து நோட்டை மூடிவிடாதே.

மெஸ் பழகியதும் வகுப்பு. அட்டெண்டன்ஸுக்கு "ப்ரெசென்ட் மேம்" என்பதை இப்போது சொல்வதைவிடக் கொஞ்சம் உரக்கச் சொல். அப்புறம் ஒரு நாள், வகுப்பு முடிந்து மேடம் வெளியே போகும்போது பின்னாலேயே போய் ஒரு சந்தேகம் கேள். தமிழிலேயே கேள். லேபில் அடுத்த தடவை புரோகிராம் ஓடினால் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள். அவர் வந்து பார்க்கட்டும்.

இங்கிலீஷ் பற்றி நீ தனியாகக் கேட்கவில்லை, ஆனால் "தமிழ் வழியில்" என்று நீ எழுதியிருக்கும் விதத்திலேயே அந்தப் பாரம் தெரிகிறது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உனக்குப் பாடம் தெரியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தானே? நேர்மாறு அணி கண்டுபிடித்து எத்தனை கணக்குப் போட்டிருப்பாய்! அந்த நேர்மாறு இங்கே இன்வர்ஸ், அணிக்கோவை டிடெர்மினன்ட், வகையிடல் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன். அம்மாவிடம் சொல்லி அந்தப் பழைய புத்தகங்களை எடுத்து வைக்கச் சொல். ஒரு நோட்டை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் பள்ளிக்கூடச் சொல், வலது பக்கம் இங்கே சொல்லும் சொல். ஒரு நாளைக்குப் பத்து எழுதினால் போதும், செமஸ்டர் முடிவதற்குள் பாடத்துக்குத் தேவையான சொற்கள் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். சரளமாகப் பேசுவது வேறு விஷயம், அதற்கு நாலு வருடம் இருக்கிறது.

இந்த 7.5 சதவீதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாராவது "நீ கோட்டாவில் வந்தவள்தானே" என்று சொல்லியிருந்தாலோ, நீயே உனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாலோ, இதைக் கேட்டுக்கொள். டியூஷனும் கோச்சிங்கும் இங்கிலீஷ் பேசும் வீடும் இல்லாமல் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்கு வழி வேண்டும் என்றுதான் 2021இல் இன்ஜினியரிங் படிப்புக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. அந்த இடம் உனக்காகவே இருந்தது. நீ யாருடைய இடத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை.

சீனியர்கள் தொந்தரவு பற்றி நீ எழுதவில்லை. எழுதக் கூச்சப்பட்டு விட்டிருந்தால், 1800-180-5522 என்பது யு.ஜி.சி.யின் ராகிங் புகார் எண். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

இப்போது வெள்ளிக்கிழமை பஸ். ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு என்று வைத்துக்கொள். ஒவ்வொரு திங்களும் போகாவிட்டால் நூற்றுக்கு 20 போயிற்று. வெள்ளி மத்தியானம் கிளம்பினால் இன்னும் 10. மிச்சம் 70. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பரீட்சை எழுத 75 வேண்டும். நீ எல்லா வாரமும் அப்படிச் செய்யவில்லை என்பதால் இன்னும் கை நழுவியிருக்காது என்றே நினைக்கிறேன். நாளைக்கே கிளாஸ் இன்சார்ஜிடம் போய் உன் அட்டெண்டன்ஸ் எவ்வளவு என்று கேள். கேட்கப் பயமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடு. "எனக்குப் பதற்றம் அதிகமாக இருக்கிறது, அதனால்தான் லீவு போட்டேன், இனி வருவேன்" என்று இரண்டு வரி. அதைப் படித்துவிட்டுத் திட்டுகிற ஆசிரியர் குறைவு.

ஊருக்கே போகாதே என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டே வா. ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் இருக்கிற முதல் சனிக்கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும். மத்தியானம் வரை துணி துவைத்து ஓட்டிவிடலாம், சாயங்காலம் ஐந்து மணிக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அந்த ஐந்து மணிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று வியாழக்கிழமையே முடிவு செய்துவிடு. யாராவது இருவர் சேர்ந்தால் மருதமலைக்குப் போய்வரலாம். ஒருவரும் கிடைக்காவிட்டால் ஹாஸ்டலைச் சுற்றி நாலு சுற்று நடந்துவிட்டு வந்து, பாக்கி ரெக்கார்டு நோட்டை எழுது.

அடுத்தது உன் அம்மா. இந்தப் பத்தியை அவருக்கு அப்படியே படித்துக் காட்டு. அம்மா, உங்கள் பிள்ளை போனில் அழுதால் உங்களுக்குத் தாங்காது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அங்கே அவள் சாப்பிட்டாளோ இல்லையோ என்று நீங்கள் படும் பாடு எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் "வந்துரு" என்று சொல்லும்போது, "உன்னால் முடியாது" என்று அவள் காதில் விழுகிறது. அதற்குப் பதிலாக, "இன்னிக்கு மெஸ்ஸில் என்ன போட்டாங்க?" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். "சரி, நாளைக்குக் காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுச் சொல்லு" என்று போனை வையுங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கூப்பிட்டால் எட்டுத் தடவை காயம் கிளறப்படும். ராத்திரி ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஒரே தடவை நிறைய நேரம் பேசுங்கள்.

இனி நீ கேட்ட பெரிய கேள்வி. விட்டுவிடலாமா? விடுவது பாவமில்லை. ஈ.சி.ஈ. பிடிக்காமல், வேறு ஒன்று நிஜமாகவே பிடித்து மாறிய பிள்ளைகள் நன்றாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் படிப்பது உனக்குப் பிரியம் என்றால் அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் உன் கடிதத்தில் தமிழ் இலக்கியத்தின் மேல் ஆசை என்று ஒரு வரிகூட இல்லை, ஓடிய புரோகிராம் பற்றித்தான் இருக்கிறது. நீ போகத் துடிப்பது வீட்டுக்கு, பி.ஏ.வுக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வகுப்பிலும் ஒருவர் எழுந்து நிற்கச் சொல்லிக் கேள்வி கேட்பார். அங்கேயும் நெஞ்சு படபடக்கும். கட்டணமும் ஹாஸ்டல் செலவும் அரசே கட்டும் இந்த இடத்தை விட்டுவிட்டால், இதே ஒதுக்கீட்டில் மறுபடி கிடைக்கும் என்று எண்ணிவிடாதே.

அதனால் ஒரு தேதி குறித்துக்கொள். இந்த செமஸ்டர் பரீட்சையை எழுது. ஒன்றிரண்டு அரியர் விழுந்தால் விழட்டும், அதை அடுத்து எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது செமஸ்டரில் ஒரு மாதம் வகுப்புக்குப் போ. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அப்போது பேசுவோம். அதற்கு நடுவில் எந்த முடிவையும் ஞாயிற்றுக்கிழமை இரவில் எடுக்காதே. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் மடியில், வெளியே இருட்டு, விடிந்தால் திங்கள் வகுப்பு என்று பஸ்ஸில் வரும் அந்த நேரத்தில் யாருக்குமே எல்லாம் முடிந்துபோன மாதிரிதான் இருக்கும். புதன்கிழமை மத்தியானம், வயிறு நிறைந்திருக்கும்போது இதே கேள்வியைக் கேட்டுப் பார். பதில் வேறாக வந்தால் ஆச்சரியப்படாதே.

நான் சொன்னதை மூன்று, நாலு வாரம் செய்தும் நோட்டில் எண் இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, அல்லது அந்த ராத்திரி எண்ணம் திரும்ப வருகிறது என்றால் தனியாகப் போராடாதே. ராத்திரி எண்ணம் வந்தால் நாலு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போ. காலேஜில் கவுன்சலர் இருந்தால் அவரிடம் போகலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள். பதற்றத்துக்கு இப்போது முதலில் கொடுக்கும் மாத்திரைகளுக்கு யாரும் அடிமையாவதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்காதே. இது மன நோயா என்று கேட்டாய். பதற்ற நோய் என்று ஒரு பெயர் இருக்கிறது, உனக்கு அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் அது குணமாகும் நோய்.

பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் எனக்கு எழுது. மெஸ்ஸில் எந்த மேசை என்பதையும் எழுது.